பத்து விரல்

பல்லுக்காரருக்குத் தன் மனைவியின் கைமேல் இருந்த பொறாமைக்கு வயது பதினான்கு. பிள்ளை இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் வளர்ந்தது. அவரும் குறை வைக்காமல், வேளாவேளைக்குத் தீனி போட்டு, யார் கண்ணிலும் படாமல் வளர்த்தார்.

தெருவில் அவர்களைப் பல்லுக்காரர், பல்லுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முன்னறைதான் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். இவர்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பக்கத்து வயசாளிகளில் பாதிப் பேர் சிரிப்பது இவர்கள் தயவில்தான்.

தொழில் அவருடையது. கல்யாணமாகி வந்தபோது பிளாஸ்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நாலு வருஷம் அவர் அடுக்கிய பல்லுக்கு அவள் மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு மேல்வரிசைப் பல்செட்டை அவளே அடுக்கி அனுப்பிவிட்டாள். மறுநாள் அவசர டாக்டர் ஃபோன் பண்ணினார். எந்த வேலையை அனுப்பினாலும் சீட்டில் 'அவசரம்' என்று எழுதுகிறவர் என்பதால் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்.

"நேத்து வந்த செட் யாரு பண்ணது?"

"ஏன் டாக்டர், ஏதாவது தப்பா?"

"தப்பாவா? அந்தம்மா போட்டுக்கிட்டு கண்ணாடியப் பாத்து அழுதுட்டாங்க. பழைய வாய் திரும்பி வந்துடுச்சுன்னு. யாரு கை அது?"

"வீட்ல பண்ணாங்க."

"இனிமே எனக்கு அவங்க கைதான்."

அன்றிலிருந்து சீட்டின் ஓரத்தில் 'அம்மா கை' என்று எழுதி வர ஆரம்பித்தது. முதலில் ஒரு டாக்டர், அப்புறம் மூன்று பேர், அப்புறம் ஏறக்குறைய எல்லோருமே.

அவள் செய்வதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செட்டின் உட்பக்கத்தில் நடுவிரலை ஓடவிடுவாள். மணலளவு மேடு இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். அந்த மேடுதான் ஈறைக் குத்திப் புண்ணாக்குவது. அதைக் கண்டுபிடிக்க அவர் பஞ்சை உருட்டித் தேய்த்து, இழை எங்கே மாட்டுகிறது என்று விளக்கைச் சாய்த்துக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். அவளோ அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். பல் அடுக்குவதும் அப்படித்தான். அவர் அடுக்கினால் வரிசை அளவெடுத்த மாதிரி நேராக நிற்கும். அவள் எங்காவது ஒரு பல்லைத் துளி திருப்பி வைப்பாள். வாய்க்குள் போனதும் அது பிறந்த பல்லாகிவிடும்.

"உங்க பல்லு ரொம்ப அழகுங்க. அதான் தப்பு," என்று ஒரு தடவை சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. குடி, அடி எதுவும் கிடையாது. ஆனால் இந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் வேலையை 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சீட்டை நீட்டும்போது "இந்தா, உன் ரசிகர் எழுதியிருக்கார்" என்பார். அவள் மும்முரமாக மெழுகு செதுக்கும் நேரம் பார்த்துத் தேய்ப்பு மோட்டாரை ஓடவிடுவார். அவள் இதையெல்லாம் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. கவனிக்கவில்லை என்று நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். கட்டி சின்னதுதான், இடம்தான் சரியில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர்தான் எல்லாம் பார்த்தார். தையலோரம் தொங்கிய குழாயில் வடியும் நீரை அளந்து கொட்டினார். கஞ்சி வைத்தார், தலை வாரிவிட்டார். இடது கை மேலே எழும்ப வேண்டும் என்று சுவரில் விரல்களை நடத்தி ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தினமும் எவ்வளவு தூரம் ஏறியது என்று பென்சிலால் கோடு போட்டதும் அவர்தான். அந்த நாட்களில் அவருக்குப் பொறாமை என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. சீட்டுகளில் 'அம்மா கை' வராமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை அவர் தோண்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை புற்றுநோய் டாக்டர் இருவரையும் கூப்பிட்டிருந்தார். சின்ன வயசுப் பெண், நிதானமான பேச்சு. ஒரு தாளில் பத்து வரிசையாக நூறு வட்டம் அச்சடித்து வைத்திருந்தார். அதில் ஆறு வட்டத்தைப் பேனாவால் நிரப்பிக் காட்டினார்.

"உங்கள மாதிரி நூறு பேருக்கு கீமோ குடுத்தா, அதனால பொழைக்கிறவங்க இந்த ஆறு பேர். மத்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஆபரேஷனும் மாத்திரையுமே போதும். கொஞ்சப் பேருக்கு கீமோ குடுத்தாலும் திரும்ப வரும். நீங்க எந்த வட்டம்னு சொல்ல எங்கிட்ட வழி இல்ல."

"அப்ப போட்டுக்கணுமா, வேண்டாமா?" என்று அவள் கேட்டாள்.

"கண்டிப்பா போடுங்கன்னு சொல்ற நிலைமை இல்ல. வேண்டாம்னு சொல்ற நிலைமையும் இல்ல. நடுவுல இருக்கீங்க. வீட்ல பேசிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அப்புறம் கெடுதல்களைச் சொன்னார். முடி கொட்டும், முளைத்துவிடும். வாந்திக்கு மாத்திரை இருக்கிறது. அசதி இருக்கும்.

"இன்னொண்ணு. உங்களுக்குப் பொருந்தற மருந்துல விரல் நுனி மரத்துப் போகும். நெறைய பேருக்கு சில மாசத்துல சரியாயிடும். சிலருக்கு முழுசா சரியாகாது."

"எந்த விரல்?" என்றாள்.

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பத்து விரலும்தாம்மா."

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பல்லுக்காரரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று 'அப்பாடா' என்று காலை நீட்டி உட்கார்ந்தது. ஒரு நொடி இருக்குமோ, என்னவோ. அவர் மனக்கண்ணில் 'அம்மா கை' என்று எழுதாத சீட்டுகள் வந்தன. அடுத்த நொடி தனக்குள் ஓடியது என்ன என்று அவருக்கு உறைத்தது. பக்கத்தில் அவள் தன் வலது கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கொழுந்தியாள் வந்தாள். செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் குனிந்து பேசிவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து பேசுவாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் ஊற்றி வைத்த பிளாஸ்டர் காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூவரும் சமையலறை மேஜையில் டீயோடு உட்கார்ந்தார்கள். நடுவில் அந்த வட்டம் போட்ட தாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? அந்த ஆறு பேர்ல நீ ஒருத்தியா இருந்தா?"

"மத்த தொண்ணூத்து நாலுல ஒருத்தியா இருந்தா? சும்மா முடியக் கொட்டிக்கிட்டு, வாந்தி எடுத்துக்கிட்டு, கையையும் குடுத்துட்டு உக்காந்திருப்பேன்."

"கை போனா என்ன இப்போ? வேலைய மாமா பாத்துக்க மாட்டாரா?"

பல்லுக்காரருக்கு அந்த வார்த்தை இனித்தது. இனிக்கிறதே என்று உடம்பு கூசியது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாமா பாத்துப்பார்டி. நான் என்ன பண்ணுவேன்? டிவி பாக்கவா?" என்றாள் அவள். "மார எடுக்கணும்னாங்க, எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டேன். ஒரு நாள் அழுதேன், அதோட சரி. அது எனக்கு வேலை செய்யல. இது வேலை செய்யுது. காலைல எந்திரிச்சா இது இருக்குன்னுதான் எந்திரிக்கிறேன்."

"உசிரவிடவாக்கா?"

"உசிரு போகும்னு யாரு சொன்னா? வட்டத்தப் பாரு. எத்தனை வட்டம் சும்மா கெடக்கு."

"நீ வட்டத்தப் பாத்து ஏமாறாத. மாமா, சொல்லுங்களேன். வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எனக்கு முடிவு பண்ணத் தெரியல. நீங்க எது சொல்றீங்களோ அதான்."

'போட்டுக்கோ' என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கே அது நின்றது. இதைச் சொல்லப்போவது யார் என்று அவருக்குள் ஒரு கேள்வி. அவள் பிழைக்க வேண்டும் என்கிற புருஷனா, அவள் விரல் செத்தால் நல்லது என்று காலை நீட்டி உட்கார்ந்தவனா? இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லச் சொன்னார்கள். இரண்டாமவன் வாயை அடைக்க வேண்டும் என்ற வேகத்தில் அவர் முதல் ஆளின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

"வேண்டாம்," என்றார்.

"மாமா," என்றாள் கொழுந்தியாள்.

"வேண்டாம்மா. உன் கை மாதிரி ஒரு கைய நான் பாத்ததே இல்ல. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர் கையும் அப்படி இல்ல, என் கையும் அப்படி இல்ல. அதப் போய் மருந்துக்குக் குடுக்கணுமா?"

சொன்னதும் அவருக்கு உடம்பு லேசானது. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை, பார் என்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டார். அவள் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிவப்பு அது.

"சரி," என்றாள். "அப்ப வேண்டாம்."

கொழுந்தியாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். "ரெண்டும் சேந்து நல்லாத்தான் முடிவு பண்ணீங்க" என்றது வாசலில் கேட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் லேப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை, எதிரே ஸ்பிரிட் விளக்கு. முனகலாக ஏதோ பாட்டு. ஆறு வாரமாக வெளிறிக் கிடந்த முகத்தில் ஒரு மினுக்கம் வந்திருந்தது. பால்காரம்மாவிடம் நின்று பேசினாள். புதன்கிழமை தங்கையோடு ஃபோனில் பேசியது, பின்கட்டில் பிளாஸ்டர் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த அவர் காதில் விழுந்தது.

"நீ கேட்டதானே? நீயே கேட்டதானே? அவர் வாயால சொன்னார்டி. என் கைய மாதிரி ஒரு கைய பாத்ததில்லைன்னு. … இல்லடி, ஆறுதலுக்கெல்லாம் சொல்ற ஆள் இல்ல அவரு. அப்படி இருந்தா இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்ல? … பயமா? இல்ல. அன்னைலேர்ந்து எனக்குப் பயமே இல்ல."

அவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவசர டாக்டரிடமிருந்து ஒரு டப்பா திரும்பி வந்தது. போன வாரம் பல்லுக்காரர் செய்து அனுப்பிய கீழ்செட். 'இரண்டு இடம் குத்துகிறது. அம்மா வேலைக்கு வந்துவிட்டார்களா? அவசரம்' என்று சீட்டு. பல்லுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஞ்சை உருட்டினார். கால் மணி நேரம் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். ஓர் இடம் கிடைத்தது.

"குடுங்க," என்று அவள் கையை நீட்டினாள். கண்ணை மூடினாள். விரல் ஒரு சுற்றுப் போனது. "இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு." மோட்டாரை எடுத்து இரண்டு தொடு தொட்டாள். மறுபடி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் கையில் வைத்தாள். "அவ்வளவுதான். விடுங்க, மழைக்கு கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது."

அவருக்கு வயிறு எரிந்தது. வழக்கமான எரிச்சல், பதினான்கு வருஷமாகப் பழகியது. மழைமேல் பழி போட்டு அவள் அவரைத் தாங்கிப் பேசியது அதற்கு நெய் வார்த்தது. ஆனால் இந்தத் தடவை அந்த எரிச்சலோடு கூடவே இன்னொன்றும் வந்தது. இவள் இல்லாமல் போய்விட்டால் இந்த அறையில் யாரைப் பார்த்து வயிறு எரிவது? சீட்டில் யார் பெயரும் இருக்காது. அவர் ஒருவர்தான் இருப்பார், ஒரே ஒரு கையாக, யாரையும் முந்தாமல். அப்புறம் அந்த ஆறு வட்டம். அவள் அதில் ஒன்றாக இருந்தால், அதிலிருந்து அவளைத் தள்ளிவிட்டது அவர். தான் நல்லவன் என்று தனக்கே நிரூபித்துக்கொள்வதற்காகத் தள்ளியிருக்கிறார். செட்டை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." அவள் மெழுகை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளக்க அணைச்சுடு."

அவள் அணைத்தாள்.

"விரல் மரத்துப் போகும்னு அந்த டாக்டர் பொண்ணு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"உன் விரல் போச்சுன்னா இனிமே என் கைதானேன்னு. அப்படி நெனச்சேன். நெனைக்கக்கூட இல்ல, தானா வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நொடி." அவர் அணைந்த விளக்கின் திரியைப் பார்த்தார். "ரெண்டு இருக்கும்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

"போட்டுக்கோன்னு சொன்னா அந்தச் சந்தோஷத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்னு. என்னை நல்லவன்னு எனக்கே காட்டிக்கறதுக்குச் சொன்னேன். உனக்காகச் சொல்லல. சத்தியமா உனக்காகச் சொல்லல."

மழை சன்ஷேடில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் செதுக்குக் கத்தியைத் துணியில் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"அப்ப என் கை?" என்று கேட்டாள். குரல் அடியில் போயிருந்தது. "என் கைய மாதிரி பாத்ததில்லைன்னு சொன்னது? அதுவும் சும்மாதானா?"

"அது நெசம்."

"நம்பச் சொல்றீங்களா?"

"நெசமா இல்லன்னா எனக்கு எதுக்கு இப்படி எரியப்போகுது? பதினாலு வருஷமா எரியுது. மோட்டார வேணும்னே ஓடவிட்டிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரியுமா?"

"காது இருக்குல்ல எனக்கு."

அவள் எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவர் ஸ்டூலை விட்டு அசையவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேங்க," என்றாள். "ஒரு செட்ட முடிச்சு மேஜைல வைக்கும்போதெல்லாம் உங்க முகத்தப் பாப்பேன். ஊரே சொல்லுச்சு. டாக்டருங்க சொன்னாங்க. கத்துக்குடுத்தவர் நீங்க, நீங்க சொல்லல. கடைசியில சொன்னீங்க. அத எந்த நேரத்துல கொண்டுவந்து நீட்டினீங்க பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஒரு வார்த்தைக்கு நான் செத்தாலும் பரவாயில்லன்னு இருந்தேன். மூணு நாளா. நெசமாத்தான் சொல்றேன். கை இப்படியே இருக்கட்டும், அதோடயே போயிடலாம்னு. எவ்வளவு பைத்தியக்காரி பாருங்க."

"தப்புதான்."

"யாரோட தப்பு? உங்களுதா, என்னுதா?"

அவள் வலது கையை விரித்து, கட்டை விரலால் மற்ற நாலு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஃபோனை எடுத்தாள்.

"போட்டுக்கறேன்," என்றாள் அவரிடம். "மரத்துப் போனா போகட்டும். அன்னைக்கு உங்களுக்குச் சந்தோஷம் வரும்ல? வரட்டும். நல்லா சந்தோஷப்படுங்க. நான் எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த முகத்தப் பாக்கறதுக்காவது நான் இருக்கணும்."

எண்ணை அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்தார்கள். தன் பெயர், பதிவு எண் எல்லாம் சொல்லி, "யோசிச்சுட்டோம், போட்டுக்கறேன்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. கடையில் ஒரு கிலோ சர்க்கரை கேட்பது போல் சொன்னாள். தன்னால் இந்தக் குரலில் இதைச் சொல்லியிருக்க முடியாது என்று பல்லுக்காரருக்குத் தெரிந்தது. இதிலும் அவள்தான் ஒரு படி மேலே நின்றாள். அதற்கும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, கண்ணில் நீரோடு.

அவள் ஃபோனை மார்பின்மேல் சாய்த்து மூடிக்கொண்டாள். மார்பு இல்லாத பக்கம்.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வரச் சொல்றாங்க. சாயங்காலம் வரைக்கும் கூட ஒருத்தர் இருக்கணுமாம். தங்கச்சி லீவு போடறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கா. அவள வரச் சொல்லட்டுமா?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவ எதுக்கு?" என்றார் பல்லுக்காரர். "நான் வரேன்."